கிரேஸுக்கு வராத காய்ச்சல்

என் மனைவி கிரேஸ் இதுவரை ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாள். அதைக் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் சொன்னாள். அதே அறையில், அதே நிமிடத்தில் நான் ஓர் உண்மையைச் சொன்னேன். டாக்டர் யாரை நம்பினார் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் நீங்கள் மணலூர்பேட்டைப் பக்கத்து ஆள் இல்லை என்று அர்த்தம்.

நான் அந்தோணிதாஸ். பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். முந்தின கார்த்திகை வெள்ளத்தில் எங்கள் எருமை ஆற்றோடு போய், கடலூரில் கடலைப் பார்த்து, உப்பு ஒத்துக்கொள்ளாமல், பால் வண்டியில் இடம் கேட்டுத் திரும்பி வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டு மோருக்கு உப்புப் போடுவதில்லை. இதை நான் எங்கே சொன்னாலும், கிரேஸ் காதில் விழுந்துவிட்டால் போதும், குறுக்கே வந்துவிடுவாள்.

“எருமை இல்லிங்க, கன்னுக்குட்டி. கடலூரு வரைக்கும்லாம் போவல. திருக்கோயிலூர் அணைக்கட்டாண்ட மாட்டிக்கினு இருந்துது. இவுருதான் போயி ஏத்திக்கினு வந்தாரு. மோருக்கு உப்பு நான்தான் போடுறேன்.”

என்னைப் பொய்யன் என்று சொல்ல அவள் அப்படிச் செய்வதில்லை. அரிசியில் கல்லைப் பார்த்தால் எடுக்காமல் இருக்க முடியாத கை அது. கல்யாணமான நாள் முதல் என் கதைகளில் அவள் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். கேட்கிறவர்கள் என்னையும் ரசித்து, அவளையும் நம்பி, இரட்டிப்புச் சந்தோஷத்தோடு போவார்கள்.

அந்தக் கைக்குத்தான் வியாதி. முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. தம்ளர் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். தலை பின்ன முடியாமல் என்னிடம் சீப்பைக் கொடுத்தாள். நான் பின்னியதைப் பார்த்துவிட்டு, ஆலைக்கு ஏற்ற வேண்டிய கட்டு இது என்றாள். மாத்திரைகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கள்ளக்குறிச்சியில் மூட்டு நோய் பார்க்கும் டாக்டர் ஷாலினி, சின்ன வயசு, அதிர்ந்து பேசாதவர், இனி டிரிப்ஸில் ஒரு மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்று காப்பீட்டில் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு அனுமதி வருவதற்குள் ஒரு கரும்பே விளைந்துவிட்டது. இந்த ஒன்று மட்டும் கதையில்லை.

கரும்பு விளைந்ததில்தான் எல்லாம் வந்தது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு பொங்கலை ஒட்டிக் கிடைத்தது. உத்தரவு வந்த தேதியில் வெட்டவில்லை என்றால் கரும்பு காய்ந்து எடை போய்விடும். வெட்டுகிற ஆட்கள் குடும்பத்தோடு வந்து வயல் ஓரத்தில் கூடாரம் போட்டாகிவிட்டது. அது 2022 ஜனவரி. ஊரெல்லாம் மறுபடியும் கொரோனா. ஒரு வீட்டில் இருக்கிறது என்று பேச்சு வந்தால், ஆட்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வயல் நாராயணசாமியுடையது. அவர் நல்ல மனிதர், ஆனாலும் அவருக்கும் உத்தரவு வந்திருந்தது.

போகியன்று கிரேஸுக்குக் காய்ச்சல். மணலூர்பேட்டை மெடிக்கலில், வீட்டிலேயே கொரோனா பார்க்கிற கிட் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டு கோடு விழுந்தது. கிரேஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் போட்டாள்.

“பனி ஒத்துக்கல” என்றாள். இதை நான் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. பனியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதுதான்.

யாருக்கும் ஒட்டக் கூடாது என்று அவளே பாயைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனாள். ஆட்களிடம் நான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கல்வராயன் மலையிலிருந்து காட்டுப்பன்றி ஒன்று இறங்கியிருக்கிறது, அது கிரேஸ் ஒருத்திக்குத்தான் பயப்படும் என்றேன். அவளை ஒரு தடவை பார்த்திருந்தவர்கள், உடனே நம்பினார்கள். கரும்பு வெட்டி முடித்து லாரி போனபோது அவளும் தேறி வெளியே வந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்து, என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போயிருக்கும்.

பிப்ரவரி தொடக்கத்தில் டிரிப்ஸுக்கு நாள் குறிக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம்.

“அம்மா, ஒரு விஷயம் கவனமா கேளுங்க” என்றார் டாக்டர் ஷாலினி. “உடம்புல நோயை எதிர்க்கிற சத்தை உண்டாக்குற அணுக்கள் இருக்கு. இந்த மருந்து அதுங்களை ரொம்ப மாசத்துக்கு ஒழிச்சுடும். ஒழிச்சாத்தான் மூட்டு வலி அடங்கும். ஆனா அப்புறம் கொரோனா ஊசி போட்டாலும் உடம்பு எடுத்துக்காது. அதனால டிரிப்ஸுக்கு ஒரு மாசம் முன்னாடியே பூஸ்டர் போட்டுடணும். அப்ப சேர்த்து வெச்சதுதான் கையிருப்பு.”

“போட்டுடலாங்கம்மா” என்றாள் கிரேஸ்.

“இன்னொண்ணு. சமீபத்துல உங்களுக்குக் கொரோனா வந்துச்சா? வந்திருந்தா இப்ப போடக் கூடாது. நோய் வந்து போன சூட்டுல உடம்பு நிறைய எதிர்ப்போட இருக்கும். அந்த நேரத்துல ஊசி போட்டா, ஊசியில வர்றதை உடனே துடைச்சுப் போட்டுடும். புதுசா ஒண்ணும் பெரிசா கத்துக்காது. ஒரு மூணு மாசமாவது விட்டு, அந்த எதிர்ப்பு கொஞ்சம் இறங்கினப்புறம் போட்டா, நல்லா ஞாபகம் பிடிச்சு ஏறும். உங்களுக்கு இருக்கிறது ஒரே வாய்ப்பு. அதை வீணாக்கக் கூடாது. வந்துச்சா?”

“இல்லிங்கம்மா” என்றாள் கிரேஸ்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். “வந்துதுங்க டாக்டரம்மா. பொங்கலப்போ. கோடு ரெண்டு வுழுந்துது. நான் பார்த்தேன்.”

டாக்டர் கிரேஸைப் பார்த்தார். கிரேஸ், மேய்ச்சலில் வேலி தாண்டிய மாட்டைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

“இவுரு கத சொல்லுவாருங்க. எருமை கடலுக்குப் போனத உங்களாண்ட சொல்லலியா?”

“போன தடவையே சொன்னாரு” என்று டாக்டர் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். பூஸ்டருக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார், டிரிப்ஸுக்கு அடுத்த மாதம்.

திரும்பி வரும் பஸ்ஸில் தியாகதுருகம் தாண்டும்வரை நான் பேசவில்லை. எனக்கு அது பெரிய தூரம்.

“இன்னாத்துக்கு கிரேஸு இப்பிடிச் சொன்ன?”

“சொன்னா தள்ளிப் போடுவாங்க. ஊசிய தள்ளுவாங்க, அதுக்கப்பறம் டிரிப்ஸ தள்ளுவாங்க. சித்திரை போயி வைகாசி ஆயிடும். இந்தத் தேதி போனா மறுபடி எப்ப கெடைக்குமோ.” கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். “காலீல எழுந்தா ஒரு ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல. உங்களுக்கு இன்னா? வாயி ஒண்ணுதான் வேல செய்யணும். அது நல்லாத்தான கீது.”

“பொய் சொல்லிட்டியே.”

“ஆண்டவரு மன்னிச்சிக்குவாரு.”

“ஆண்டவரு மன்னிப்பாரு. உடம்பு?”

டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது, ஏனென்றால் என் தொழிலும் அதுதான். ஒரு கதையை இன்று சொல்லி, நாளைக்கே அதே ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். முதல் வரியிலேயே, தெரியும் தெரியும் என்று கையை ஆட்டிவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு சொல் உள்ளே போகாது. அதையே மூன்று நான்கு மாதம் விட்டுச் சொன்னால், பாதி மறந்திருக்கும், பாதி நினைவிருக்கும். அவர்களே கூடச் சேர்ந்துகொள்வார்கள். நான் விட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு அந்தக் கதை அவர்களை விட்டுப் போகாது. உடம்பும் கதை கேட்கிற ஓர் ஆள்தான் என்று எனக்குத் தோன்றியது. கிரேஸ் உடம்புக்குள் நேற்றுத்தான் ஒரு பெரிய கதை முடிந்திருக்கிறது. திங்கட்கிழமை போய் அதே கதையைத் திரும்பச் சொல்லப்போகிறார்கள். அதற்கடுத்த மாதம் கேட்கிற காதையே கழற்றிவிடுவார்கள்.

மறுநாள் வயல் வரப்பில் நாராயணசாமியைப் பிடித்தேன். அவர் சொன்னால் கிரேஸ் கேட்பாள். பொங்கலில் அவளுக்குக் கொரோனா வந்ததையும், அவள் மறைத்ததையும், மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

“அவ்ளோதானா?” என்றார்.

“அவ்ளோதான்.”

“இதுல சிரிப்பு எங்கயா கீது? வயசு ஆவுது அந்தோணி உனுக்கு. அந்தப் பன்னி கத நல்லாருந்துது. அதயே சொல்லு.”

கடைசியாக மகளிடம் போவது என்று முடிவு செய்தேன். ஜூலியா வெள்ளிமலையில் பள்ளிக்கூட ஆசிரியை. கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறினேன். அந்தச் சாலையில் ஒரு வளைவு இருக்கிறது. அதில் பஸ் திரும்பும்போது முன் கண்ணாடி வழியாக என் பிடரியை நானே பார்த்தேன். முடி வெட்ட வேண்டியிருந்தது. மேலே குளிர் இறங்காமல் நின்றது. சரிவெல்லாம் மரவள்ளி. பள்ளிக்கூட வாசலில் ஜூலியா ஓடி வந்தாள்.

“இன்னாப்பா, சொல்லாம கொள்ளாம? அம்மாவுக்கு ஏதாச்சும்?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. அவள் முகம் முதலில் பயந்தது, நடுவில் சந்தேகப்பட்டது, கடைசியில் மலர்ந்தது.

“அடுப்புல போட்டாங்களா? எங்க அம்மாவா? டாக்டராண்ட பொய் சொன்னாங்களா? அப்பா, எருமைய நம்புனாலும் நம்புவேன்.” இருந்தாலும் பொறுப்பான பெண், போனைப் போட்டு அம்மாவிடம் கேட்டாள். ஸ்பீக்கரில் கிரேஸ் குரல் நிதானமாக வந்தது, அதே ஒரு பொய்யோடு.

“காச்சலா? அதெல்லாம் இல்லம்மா. உங்கப்பா சாப்ட்டாரா? மலைக் குளுரு ஆவாது அவருக்கு, சொட்டர் போட்டுக்கச் சொல்லு.”

ஜூலியா எனக்கு ஸ்வெட்டர் கொடுத்தாள். அவள் கொடுத்த கேழ்வரகுக் களியைத் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கினேன். வழியெல்லாம் யோசனை. உண்மையைச் சொல்லவும் பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. நான் சொன்னால் அது அழுகைக் குரலில் வருகிறது, கை எங்கே போவதென்று தெரியாமல் தொங்குகிறது. கேட்கிறவர்களும் பாவம், எருமை எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நம்பாததில் தப்பே இல்லை. நானே கூட்டத்தில் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் டிரிப்ஸ் ஏறிய பிறகு, கையிருப்பு இல்லாமல் கிரேஸுக்கு அந்த நோய் மறுபடி வந்தால்? அதைச் சிரிக்கும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. ஊசி போடுகிற அறைக்கு அனுப்புமுன் டாக்டர் ஷாலினி கிரேஸின் விரல்களை அழுத்திப் பார்த்தார்.

“ஐயா இன்னிக்கு அமைதியா இருக்காரே” என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத் திட்டம் போட்டுச் செய்ததாக ஜூலியா இன்றுவரை சொல்கிறாள். திட்டமெல்லாம் இல்லை. உண்மையைச் சொல்லிச் சொல்லி வாய் களைத்துப்போயிருந்தது. பழைய வழியில் ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று பார்த்தது.

“ஆமாங்க டாக்டரம்மா. நான் அன்னிக்குச் சொன்னது பொய்தான். காய்ச்சல் வரல. வந்தது வேற. மோட்டார் கொட்டாயில இவ படுத்திருந்தா பாருங்க, இவ நெத்தி சூட்டுல, கரண்டே இல்லாம மோட்டார் தானா ஓடிச்சு. வயல்ல வுழுந்த பனியெல்லாம் ஆவியா கெளம்பி, வெட்டாளுங்கல்லாம் ஆலைதான் இங்க வந்துட்டுதுன்னு கரும்பத் தூக்கிக்கினு வந்துட்டாங்க.”

நர்ஸ் வேலையை விட்டுவிட்டு நின்றாள். கிரேஸ் தலை குனிந்திருந்தாள். உதடு அசைந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அப்பறம் கருவாட்டுக் கொழம்பு. அண்டா நெறைய வாளக் கருவாடு. தானே செய்வேன்னு கொட்டாயிலயே கல்லு கூட்டி வெச்சா. தீஞ்சி கரியாயி, பொகை அப்பிடியே போயி கல்வராயன் மலை மேல நின்னு, மழை வரப்போவுதுன்னு அங்க மயிலெல்லாம் ஆட ஆரம்பிச்சிடிச்சு. எங்க பொண்ணு வெள்ளிமலையில பார்த்தா. இவ பக்கத்துலயே குந்திக்கினு இருக்கறா, மூக்குல ஒண்ணும் ஏறல. மூணு மாசம் ஆச்சு வாசனை திரும்பி வர.”

“வாளக் கருவாடு இல்லிங்க” என்றாள் கிரேஸ். “நெத்திலி. அண்டா எங்க வந்துது, சின்ன சட்டிதான். மூணு மாசமாம்! நாலே நாளுல வாசன வந்துட்டுது.”

வாசனை போவது எந்த நோயில் என்று டாக்டருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் கிரேஸின் கையை இன்னும் விடவில்லை.

“எப்பம்மா வந்துச்சு வாசனை?” என்று மெதுவாகக் கேட்டார்.

கிரேஸ் என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கரும்புக் கட்டைக் கீழே இறக்கி வைத்தவளைப் போல இருந்தாள். “பொங்கல் கழிஞ்சி” என்றாள். “எனுக்கு வலி தாங்கலம்மா. அதான்.”

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “தேதி போயிடும்னு பயந்தீங்க. தேதியை நான் பார்த்துக்கறேன், அது போகாது. பூஸ்டர் ஈஸ்டர் முடிஞ்சு. டிரிப்ஸ் அதுக்கு ஒரு மாசம் கழிச்சு. நடுவுல மாத்திரையைக் கொஞ்சம் கூட்டித் தர்றேன். வலியை முழுசா எடுக்காதும்மா. பொய் சொல்ல மாட்டேன்.”

பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்னபோது எங்கள் இரண்டு பேரையுமே பார்க்கவில்லை. அது அவருடைய மரியாதை.

அந்த இரண்டு மாதமும் கிரேஸ் வலியோடுதான் இருந்தாள். நான் சரியானதைச் செய்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். காலையில் அவள் கை தம்ளரைத் தேடி அலைவதைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்ல முடியவில்லை. காத்திருப்பதால் வரப்போகிற லாபம் கண்ணுக்குத் தெரியாதது. அதற்காகக் கொடுத்த விலை தினமும் என் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடித்தது. கொக்கி மாட்டினேன். தலை பின்னினேன். குருத்தோலை ஞாயிறுக்கு அவள் மடிக்க வேண்டிய ஓலைச் சிலுவைகளை நான் மடித்தேன். ஃபாதர் ஒன்றைக் கையில் எடுத்து, வெட்டுக்கிளி நன்றாக வந்திருக்கிறது என்றார்.

ஈஸ்டர் முடிந்து ஊசி போட்டார்கள். ஒரு நாள் காய்ச்சல், தோளில் வலி. “இந்தக் காச்சலயாவது ஊரெல்லாம் சொல்லுங்க” என்றாள். மே மாதம் டிரிப்ஸ் ஏறியது. விரல்கள் உடனே ஒன்றும் திறந்துகொள்ளவில்லை. ஜூன் போனது. ஒரு நாள் சீப்பை என்னிடம் கொடுக்காமல் தானே எடுத்துப்போனாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூலையில் எனக்குத் தொண்டை கரகரத்தது. கிட் வாங்கிப் பார்த்தால் இரண்டு கோடு. ஓடிப்போய் உர மூட்டை வைக்கும் அறையில் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே கத்திச் சொன்னேன். முதல் தடவையாக என்னை உடனே நம்பினாள். ஆனால் அதற்கு முன்பே இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். மறுநாள் அவள் இருமினாள்.

யூரியா மூட்டை மேல் சாய்ந்துகொண்டு அந்த இருமலைக் கேட்டேன். ஜூலியா மலையிலிருந்து இறங்கி வந்து அவளைப் பார்த்துக்கொண்டாள். கிரேஸுக்கும் மங்கலாக இரண்டாவது கோடு விழுந்தது என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். டாக்டரிடம் போனில் பேசினார்கள்; ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியை விரலில் மாட்டினார்கள், கழற்றினார்கள். எனக்கு ஒரு கதையும் தோன்றவில்லை. இருமல் இரண்டு நாள் இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு, காது கொடுத்துக் கேட்டும், கேட்கவில்லை.

நானே டாக்டர் ஷாலினிக்குப் போன் செய்தேன். “தள்ளிப் போட்டதாலதானுங்களே டாக்டரம்மா?”

“சொல்ல முடியாது ஐயா. முன்னாடி வந்த நோய், மூணு ஊசி, நடுவுல விட்ட இடைவெளி, இப்ப சுத்துற கிருமியோட குணம், கொஞ்சம் அதிர்ஷ்டம். எல்லாம் கலந்ததுதான். நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்தா இடைவெளி விட்டவங்களுக்கு நல்லதுன்னு தெரியுது. உங்க வீட்டு அம்மா ஒருத்தருக்கு மட்டும் பிரிச்சுக் காட்ட என்னால முடியாது.”

எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்ட பிறகு ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் போனை வைத்த பிறகு, தெரியாததைத் தெரியாது என்று அந்தப் பெண் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டது என்று நினைத்துப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே நிழல் தட்டியது. ஜூலியா என்று நினைத்தேன். கிரேஸ். முகத்தில் மாஸ்க், கையில் திருகு மூடி வைத்த டிபன் கேரியர். வாசற்படியில் வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குத் தள்ளிப்போய் நின்றாள்.

“கஞ்சியும் தொவையலும். சூடா கீது. சாப்புடுங்க.”

எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேல் மூடியைத் திருகினேன். வரவில்லை. துண்டைப் போட்டுப் பிடித்துத் திருகினேன். முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. அப்படி இறுக்கியிருந்தது.

“யாரு மூடுனது இத?” என்று கேட்டேன்.

“நான்தான். இன்னா, தெறக்க வரலியா?”

“வரல.”

கிரேஸ் மரத்தடியிலிருந்து வந்தாள். வாசற்படியில் நின்று கையை நீட்டினாள். “கொடுங்க இப்பிடி” என்றாள்.